எழுவரிசையில் ஒரு பெயர்

தூத்துக்குடி மிதவைத் துறைமுகத்தை ஒட்டிய உப்புத்தெருவில் காலையில் யாரும் யாரையும் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. "தலை எந்திரிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கண் விழிப்பது ஒன்று, தலை எழுவது வேறொன்று. விழித்தவர்கள் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு, மடியில் கை வைத்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். புருவங்களுக்கு நடுவே, தோலுக்கு அடியில் கடுகளவு கிடக்கும் நெற்றிமணி என்ற எந்திரம், தனக்குள் ஏற்றிய செயலிகளின் எழுவரிசையை ஒவ்வொன்றாக எழுப்பி முடிக்கும்வரை கைகால் சொன்னபடி கேட்காது. சின்னப் பிள்ளைகளுக்கு வரிசையில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். இமைக்கும் நேரத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள். வயது ஏற ஏற வரிசை நீளும். தெருமுனை ஐஸ் கம்பெனி முதலாளிக்குத் தலை எழுவதற்குள் அவர் வீட்டு இட்லி ஆறிவிடும் என்பது அந்தத் தெருவின் பழைய கேலி.

செல்வக்கனிக்கு வயது ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் வரிசை கிழவிகளுடையதைப் போல நீண்டிருந்தது. முதலில் எழுவது அவள் படித்த பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவு. அது அவள் பெயரை அழைக்கும். அவளுக்குள்ளேயே ஏதோ ஒன்று "உள்ளேன் அம்மா" என்று பதில் சொல்லும். அந்தப் பள்ளிக்கூடத்தைக் கடல் கொண்டுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. அடுத்தது ஒரு ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடி நாளையோடு முடிகிறது என்று தினமும் சொல்லும். கடை இருந்த இடத்தில் இப்போது மீன்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பின் வரன்தேடி. அவளுக்குக் கல்யாணமாகி, கல்யாணம் முறிந்து, தனியே வந்தும் மூன்று வருடமாகிவிட்டது. அது இன்னும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. இன்றும் பொருத்தமாக எதுவும் அமையவில்லை என்று வருத்தத்தோடு அறிவித்துவிட்டு மண்டையின் பின்பக்கமாகப் போய்விடும். அங்கே போயும் தூங்காது, ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப் பின்னால் ஓடுபவற்றுக்குப் பின்னோடிகள் என்று பெயர்.

அவையெல்லாம் திருட்டுத்தனமாக உள்ளே வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் வரும்போது நிபந்தனைகளைப் படித்துக் காட்டும், சம்மதமா என்று கேட்கும். சம்மதம் சொல்லாமல் எதுவும் நெற்றிமணிக்குள் நுழைய முடியாது. நிபந்தனைகளைக் கேட்டு முடித்த பிறகு சம்மதம் சொன்ன ஒரு மனிதர்கூட உப்புத்தெருவில் இல்லை.

வரிசையில் கடைசிப் பெயர் இல்லநெறி. அது வந்து போனதும் செல்வக்கனியின் கைகளுக்கு உயிர் வரும். உயிர் வந்த கைகள் நேராக அடுப்படிக்குப் போகும். பால் காய்ச்சும். மூன்று டம்ளர்களை எடுத்து வரிசையாக வைக்கும். மாமனாருக்குச் சீனி இல்லாத பால், மாமியாருக்குக் கருப்பட்டிக் காப்பி, புருஷனுக்கு டீ. ஊற்றிவிட்டு, ஓர் எட்டுப் பின்னால் தள்ளி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்பாள். எடுத்துக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். ஆறும்வரை நின்றுவிட்டு, இரண்டைச் சாக்கடையில் கொட்டி, மூன்றாவதைக் குடிப்பாள். கொட்டும்போது, "சனியன் பிடிச்ச மணி" என்று வைவாள். அப்படி வைவதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதைச் செய்வது அவள் இல்லை, மணிதான்.

இல்லநெறியை ஏற்றுவது அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு அடுத்த சடங்கு. மாமியார் ஏற்றுக்கோலை எடுத்து மருமகளின் நெற்றியில் வைப்பார். பெண்கள் குலவை போடுவார்கள். எந்த நேரத்தில் எழ வேண்டும், யாருக்கு முன்னால் உட்காரக் கூடாது, எந்த அளவுக்குமேல் குரல் உயரக் கூடாது என்பதெல்லாம் அதன் நிபந்தனைகளில் இருக்கும் என்று சொல்வார்கள். மேளச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. செல்வக்கனி சம்மதம் என்றாள். மறுநாள் விடிவதற்கு முன் அடுப்படியில் நின்றாள். பத்து வருடம் நின்றாள். புருஷன் ஜெயசிங் நிலாவின் பனிச்சுரங்கத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு குடும்பம் அமைந்துவிட்டது என்று ஒற்றை வரியில் செய்தி அனுப்பிய பிறகுதான் அந்த வீட்டைவிட்டு வந்தாள். வரும்போது அவள் கொண்டுவந்தது ஒரு பையும் அந்த நெறியும்.

துறைமுகத்தில் எந்திரக்கை ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். தென்னை மரத்தைவிட ஐந்து மடங்கு உயரமான இரும்புக் கை. ஓட்டுபவர் மேலே ஒரு கண்ணாடி அறையில் நெற்றிப்பட்டை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நினைத்தால் கை தூக்கும், நினைத்தால் இறக்கும். வேலையோடு துறைமுகக் குடியிருப்பில் ஓர் அறையும் உண்டு. அதுதான் அவளுக்கு முக்கியம். இருக்கிற அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அடுத்துப் போவதென்றால் அண்ணன் வீடுதான்.

சோதனை ஓட்டத்தில் மற்ற பெண்களைவிட அவளுக்குக் கை நன்றாக வந்தது. மேற்பார்வையாளர் மோத்தா அப்படியே சொன்னார். ஆனால் விடியற்காலைப் பணியில் முதல் கப்பல் வந்ததும் எந்திரக்கை மூன்று கண்டெய்னர்களை எடுத்துத் துறைமேடையின் விளிம்பில் வரிசையாக வைத்தது. பிறகு பின்னால் நகர்ந்து, கொக்கியைத் தாழ்த்தி, அசையாமல் நின்றது. கப்பல்காரர்கள் ஊதினார்கள். கை நகரவில்லை. நரைத்த தாடியோடு ஒரு வழிகாட்டிப் படகுக்காரர் கீழே கடந்து போனார். கை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

"என்னம்மா, கப்பலுக்குக் காப்பி ஊத்துதியா?" என்று மோத்தாவின் குரல் காதில் கேட்டது. மற்ற கண்ணாடி அறைகளில் சிரித்தார்கள்.

அவர் மேலே வந்து அவள் எழுவரிசையைத் தன் கையேட்டில் பார்த்தார். கடைசிப் பெயரில் விரலை வைத்தார். "இல்லநெறி ஓடுற தலையை நாங்க ஏத்த மாட்டோம்மா. கை கப்பல்காரன் மேல சாஞ்சா நான் பதில் சொல்லணும். ஒன்மேல குத்தம் சொல்லல. மெசினு பண்ணுற வேலை. தொடைச்சிட்டு திங்கக்கிழம வா. அதுக்குமேல எடத்தை வச்சிருக்க முடியாது."

தலைதுடைப்புக் கடை மீன் ஏலக் கூடத்துக்கு எதிரே இருந்தது. நடத்துபவள் செலின். வாய் ஓயாத பெண்பிள்ளை. செல்வக்கனியைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் கோலை ஒட்டி, சுவரில் விழுந்த பட்டியலைப் பார்த்தாள்.

"யம்மா, தலையா சந்தைக்கடையா? யாருட்டி இது, ஒனக்கு இன்னும் மாப்பிள்ளை பாக்கான்?"

"அதை எடுத்துருங்கக்கா."

"எடுக்கேன். நல்ல எடம் வந்தா சொல்லிட்டு எடுக்கவா?"

செல்வக்கனிக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்ததால் அது இருமலைப்போல இருந்தது. பள்ளிக்கூடம் போயிற்று. கடைசியாக ஒரு தடவை அவள் பெயரை அழைத்துவிட்டுப் போயிற்று. ஜவுளிக்கடை போயிற்று. பத்து வருடத்துக்கு முன் ஒருநாள் படகுச் சவாரிக்காக ஏற்றியது, உடம்பு இளைக்க ஏற்றியது, எதற்காக ஏற்றினோம் என்று அவளுக்கே தெரியாத ஏழெட்டு எல்லாம் போயின. ஒவ்வொன்றும் போகப் போக, மண்டைக்குள் யாரோ ஒவ்வொரு விசிறியாக நிறுத்துவதுபோல அமைதி வந்தது. இல்லநெறியில் வந்து செலினின் கை நின்றது.

"இதை நான் எடுக்க முடியாது. பூட்டு போட்டிருக்கு. வச்சவிய பெருவிரலு வேணும். மாமியா இருக்காவளா?"

"இருக்காவ."

"இந்தா, கோலைக் கொண்டு போ. அவியள விரலை வைக்கச் சொல்லு. தொறந்தா உள்ள இருக்கது கோல்லயே தெரியும். அழிக்கதை இங்க வந்து பாத்துக்கிடலாம்." செலின் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு நாற்காலியைத் துடைக்கத் திரும்பிவிட்டாள்.

மாமியார் தங்கபுஷ்பம் அதே வீட்டில் அதே நாற்காலியில் இருந்தார். மாமனார் போன வருடம் தவறிவிட்டார். செல்வக்கனி சாவுக்கு வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போனவள், இப்போதுதான் உள்ளே வருகிறாள்.

"கனியா? வழி தெரிஞ்சிதாக்கும்."

"நீங்களும் வரலையே அத்தை."

"நான் எங்க வர. தலை எந்திரிக்கவே பொழுது ஏறிருது. காப்பி போடு, கொதிக்கக் கொதிக்கப் போடு. இப்ப வேலைக்கு வச்சிருக்க பொண்ணு பச்சத் தண்ணிய கலக்கித் தாரா."

சொல்வதற்கு முன்பே செல்வக்கனி அடுப்படிக்குப் போயிருந்தாள். கருப்பட்டி டப்பா அதே அலமாரித் தட்டில் இருந்தது. அவள் வெளியே கொண்டுவந்த தட்டில் மூன்று டம்ளர்கள் இருந்தன. தங்கபுஷ்பம் சீனி போடாத பாலைப் பார்த்தார்.

"மாமாவுக்கா?"

"கை வச்சிட்டு."

"வச்சா வச்சிட்டுப் போவுது. நானும் அவரு போன பொறவு ரொம்ப நாளு ஊத்தத்தான் செய்தேன்." காப்பியைக் குடித்தார். "உக்காரு."

செல்வக்கனி உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். எந்திரக்கையைப் பற்றி, திங்கட்கிழமையைப் பற்றி.

"பொம்பளைக்கு எதுக்குட்டி அவ்வளவு பெரிய கை?"

"கை எந்திரத்துக்கு அத்தை."

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். கெடந்தா சோறா கேக்குது?"

"கெடந்தா வேலை கெடையாது. அண்ணன் வீட்டுக்குத்தான் போணும். இங்கயாவது மூணு டம்ளரு. அங்க ஆறு பேரு."

தங்கபுஷ்பத்தின் முகத்தில் இருந்தது கோபமாகத் தெரியவில்லை. பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டு ஒளித்து வைத்திருக்கும்போது அவர்கள் முகம் அப்படி இருக்கும்.

"தொறந்து பாத்துட்டு என்னைய ஏசக் கூடாது."

"எதுக்கு ஏசப் போறேன்?"

பெருவிரலைக் கோலின் அடியில் வைத்தார். செல்வக்கனி மறுமுனையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். கோல் ஒருமுறை அதிர்ந்தது. அதன் சிறு சதுரத்தில் எழுத்துகள் வந்தன. இல்லநெறி. பெயர் உள்ளது. உள்ளீடு இல்லை.

அவள் பதறினாள். "காணலையே அத்தை. நான் எதையும் கெடுத்துட்டேனா?"

"இருந்தாத்தானட்டி காண." தங்கபுஷ்பம் டம்ளரை உருட்டிக்கொண்டே பேசினார். "கல்யாணச் செலவு கையைக் கடிச்சிட்டு. கடைக்காரன் சொன்னான், இப்ப பேரை மட்டும் ஏத்துங்க, சடங்குக்கு அது போதும், பொறவு உள்ளது முழுசா வாங்கிக்கிடலாம்னு. சரின்னு வச்சேன். மறுநாளு விடியறதுக்கு முன்ன நீ அடுப்படியில நிக்க. பொறவு எதுக்கு வாங்க?"

தெருவில் ஐஸ் வண்டி போயிற்று. செல்வக்கனி கோலை நெற்றியிலிருந்து எடுத்தாள்.

"நான் அதுன்னுல்லா நெனச்சேன். பத்து வருசம். ஒருநாளு காய்ச்சலோட எந்திரிச்சு நின்னேன். மணி எழுப்புது, நான் என்ன செய்யன்னு நின்னேன்."

"எனக்குத் தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோலத்தான் இருந்தது.

"எனக்கு எங்க மாமியா வச்சது அசலு" என்றார் தங்கபுஷ்பம், நெற்றியைத் தடவியபடி. குரலில் கொஞ்சம் பெருமை வந்திருந்தது. "அவிய அதுலயெல்லாம் கொற வைக்க மாட்டாவ. அதான் இன்னும் கருக்கல்லயே முழிப்பு தட்டுது, நான் என்ன செய்தாலும் நிக்க மாட்டேங்கு."

செல்வக்கனி அந்த நெற்றியைப் பார்த்தாள். அதைப் பூட்டியவர் செத்து இருபது வருடம் இருக்கும். அதைத் திறந்து காட்ட இனி யாராலும் முடியாது. டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவி, கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டு, ஏன் கழுவினோம் என்று அங்கேயே நின்றாள்.

கடைக்குத் திரும்பி வந்தபோது செலின் கோலின் சதுரத்தைப் பார்க்கவே இல்லை. செல்வக்கனியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமாக்கா?"

"நான் தொறந்ததுல ஒண்ணுலயும் உள்ள எதுவும் இருந்ததில்ல. மொதல்ல ஒருத்திட்ட சொன்னேன். எம் மாமியா வீட்டைக் கேவலப்படுத்துதியான்னு கோலைப் பிடுங்கி எறிஞ்சா. அதிலருந்து சொல்லுததில்ல."

"காசு கட்டி முழுசா வாங்குனவிய?"

"அவியளுக்கும் பேருதான். கொஞ்சம் பெரிய எழுத்துல இருக்கும்." செலின் கோலைத் துடைத்து வைத்தாள். "நெசமானதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுட்டி. அந்தக் கம்பெனியில வேலை பாத்த பொண்ணு ஒருத்தி இதே நாற்காலியில இருந்து சொன்னா. ஆரம்பத்துல எழுதத்தான் நெனச்சானுவளாம். எழுதுததுக்கு முன்ன, நாலு புதுப்பொண்ணுவளுக்குப் பேரை மட்டும் ஏத்திப் பாத்தானுவளாம், மணி தாங்குமான்னு பாக்க. மறுநாளு காலையில நாலு பேரும் கருக்கல்ல எந்திரிச்சு அடுப்படியில நின்னாளுவளாம். எழுதுத வேலைய அன்னைக்கே நிறுத்திட்டானுவ. எதுக்குத் தேவையில்லாம எழுதணும்?"

மீன் ஏலம் எதிரே சத்தமாக நடந்துகொண்டிருந்தது. செல்வக்கனிக்கு மாமியார்மேல் வர வேண்டிய கோபம் வரவில்லை. இத்தனை நாள் சாக்கடையில் பாலைக் கொட்டும்போது திட்டுவதற்கு ஒன்று இருந்தது. அதையும் இந்தப் பெண் எடுத்துக்கொண்டாளே என்று செலின்மேல்தான் கோபம் வந்தது.

"பேரையாவது அழிக்கவா?"

"அழிங்க. வேலைக்கு அதுதான வேணும்."

திங்கட்கிழமை அவளுக்குக் கண் விழித்ததும் தலை எழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் அழைக்கவில்லை. மாப்பிள்ளை இல்லை என்று யாரும் வருத்தப்படவில்லை. சிறுபிள்ளையைப்போல இமைக்கும் நேரத்தில் எழுந்தாள். நேராக அடுப்படிக்குப் போனாள். மூன்றாவது டம்ளரை வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். டம்ளரை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். இரண்டாவதையும் வைத்தாள். ஆனால் பால் மூன்று பேருக்குக் காய்ந்திருந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அதைக் கொட்டினாள்.

துறைமுக வாசலில் நின்ற எந்திரம் அவள் நெற்றியைப் பார்த்துப் பச்சை காட்டியது. மோத்தா சந்தோஷப்பட்டார். "எவ்வளவு சுத்தம். பச்சப்பிள்ளை தலை மாதிரி இருக்கேம்மா. போ, ஏறு."

கண்ணாடி அறையில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கப்பல் வந்தது. கை நீண்டது. ஒரு கண்டெய்னர், அதன் பக்கத்தில் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. மேடை விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டுக் கை பின்னால் நகர்ந்தது. கொக்கி தாழ்ந்தது. கப்பல் ஊதியது.

வேலை போயிற்று என்று நினைத்தாள். அண்ணன் வீட்டு அடுப்படி கண்ணுக்கு வந்தது. மதினி, நாலு பிள்ளைகள்.

மோத்தா படியேறி வந்து கீழே பார்த்தார். கையேட்டைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார்.

"தொடைச்சாச்சு சார்" என்றாள் அவள்.

"அதான் தெரியுதே. பேரு இல்லையே." அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு முகம் தெளிந்தது. "அப்ப இது நெறி இல்ல. சும்மா பழக்கம். அன்னைக்கு மெசினுன்னுல்லா பயந்தேன். பழக்கத்துக்கெல்லாம் ஆளை நிறுத்துனா ஊருல யாரு வேலை பாக்க? பொம்பளைய இருக்க எடம்னா இப்படி ஒழுங்காத்தான் இருக்கும். கப்பல்காரனை நான் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுதேன். அறைச் சாவிய மத்தியானம் வந்து வாங்கிக்க."

சாவி என்ற சொல்லைக் கேட்டு அவளுக்கு மூச்சு வந்தது. அவர் படியிறங்கப் போனவர் திரும்பினார். ஏதோ நல்ல விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் இல்லாதவர்போலத் தெரிந்தார்.

"ஒனக்கு வச்சது மட்டமான சரக்கும்மா. அதான் பாதியில தொடைக்க வேண்டியதாப் போச்சு. எங்க வீட்டுல அவளுக்கு எங்க அம்மா வச்சது நல்ல கம்பெனி. முப்பது வருசமாச்சு. காய்ச்சலு தலைவலின்னு ஒருநாளு நின்னதில்ல. இன்னைக்கு வரைக்கும் ஒரு பழுது கெடையாது."

செல்வக்கனி அவரைப் பார்த்தாள். நரைத்த மனிதர், காலையில் யாரோ சுடச்சுடக் கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்த முகம். அவர் சாவி தருகிறவர்.

"ஆகாது சார்" என்றாள். "அது பழுதாகாது."

அவர் திருப்தியோடு இறங்கிப் போனார். செல்வக்கனி பட்டையை இறுக்கிக்கொண்டு கீழே வரிசையாக இருந்தவற்றைப் பார்த்தாள். உள்ள பலத்தையெல்லாம் கூட்டி, அந்த மூன்றாவதை எடு என்று நினைத்தாள். கை அசைந்தது. போய்ப் பிடித்தது. கண்டெய்னர் மேடையிலிருந்து ஒரு சாண் எழும்பியது, அங்கேயே நடுங்கியபடி நின்றது. கீழே அந்த நரைத்த தாடிப் படகுக்காரர் கடந்து போய்க்கொண்டிருந்தார். கை அதை இருந்த இடத்திலேயே இறக்கி வைத்தது. தூங்குகிறவர் தலைமாட்டில் டம்ளரை வைப்பதுபோல, இரும்பு இரும்பில் படும் சத்தம்கூட இல்லாமல் வைத்தது.